உப்புக்காற்றில் ஒரு புரோட்டியஸ்: லிமிடெட் எடிஷன் நீர்மூழ்கி மாதிரி வாங்கி வைக்க ஒரு வழிகாட்டி

ராமநாதபுரம் கரையோரத்தில் குடியிருந்துகொண்டு சினிமாக் கப்பல் மாதிரிகளைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொதுவாக இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக வருகிறவர் முதலில் கேட்பது, "மொத்தம் எத்தனை செய்தார்கள், என் கைக்கு வருவது எத்தனையாவது?" என்பதுதான். நம் ஊருக்கு அந்தக் கேள்வி இரண்டாவது. பொருள் எதனால் செய்யப்பட்டது, அதை வீட்டில் எந்தச் சுவரோரம் வைக்கப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. பெங்களூரில் இருபது வருடம் புதுசாகவே இருக்கிற அதே கப்பல், மண்டபம் ஊரில் சன்னல் ஓரத்தில் இரண்டு வாடைக்காலத்தைக் கூடத் தாங்காது.

எடுத்துக்காட்டாக நான் பேசப்போவது புரோட்டியஸ். 1966-ல் வெளிவந்த 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்' படத்தில் வரும் வெள்ளை நிற நீர்மூழ்கி. ஐந்து பேரோடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கி, ஒரு விஞ்ஞானியின் ரத்தக் குழாய்க்குள் செலுத்துவார்கள். மூளையில் கட்டியிருக்கும் ரத்தத்தை லேசரால் நீக்கிவிட்டு 60 நிமிடத்துக்குள் வெளியே வந்தாக வேண்டும். அந்தக் கப்பலை வடிவமைத்தவர் ஹார்ப்பர் காஃப். 1954-ல் வந்த 'ட்வென்டி தவுசண்ட் லீக்ஸ் அண்டர் த சீ' படத்தின் நாட்டிலஸ் கப்பலும் அவர் வரைந்ததுதான். இரண்டு படத்தையும் இயக்கியவர் ரிச்சர்ட் ஃப்ளைஷர். 1954 படத்துக்குக் கலை இயக்கத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் கலை இயக்குநர்கள் சங்கத்தில் உறுப்பினராக இல்லாததால் விருதுப் பட்டியலில் காஃப் பெயர் இடம்பெறவில்லை. சேகரிப்பவர்கள் இன்றைக்கும் அவர் பெயரைத் தனி மரியாதையோடு சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எனக்கும் அந்த மரியாதை உண்டு.

முதலில் கப்பலைப் படியுங்கள்

வாங்குவதற்கு முன் படத்தை ஒரு முறையாவது நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முன்பக்கத்துப் பெரிய கண்ணாடிகள், மேலே கேப்டன் உட்காரும் குமிழ், பின்பக்கத்துத் துடுப்புகள் ஆகிய மூன்றும் மனதில் பதிந்தால் போதும், மோசமான நகலைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். நடிகர்கள் உள்ளே ஏறி நடிக்க முழு அளவில் ஒரு கப்பல் கட்டினார்கள். நீந்திப் போகும் காட்சிகளுக்குச் சிறிய மாதிரிகள் இருந்தன. அதனால் ஒரு ரெப்ளிகா, அதாவது நகல் மாதிரி, எதைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று விற்பவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. படப்பிடிப்பில் பயன்பட்ட சிறிய மாதிரியின் அதே அளவில் செய்ததை 'ஸ்டுடியோ ஸ்கேல்' என்பார்கள். மற்றவை 1/32, 1/72 போன்ற விகிதத்தில் வரும். 1/32 என்றால் ஆறடி மனிதர் ஐந்தே முக்கால் சென்டிமீட்டர் உயரம் இருப்பார். கப்பலுக்குள் உட்கார்ந்திருக்கும் பொம்மை ஆட்களை அளந்தாலே, சொல்லப்பட்ட விகிதம் சரிதானா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, புரோட்டியஸ் மற்ற நீர்மூழ்கிகளைப் போல ஒல்லியானது இல்லை. நீளத்தில் பாதிக்கும் மேல் அகலம் இருக்கும். ஷெல்ஃபில் நீளத்தை மட்டும் அளந்து ஆர்டர் போட்டால் துடுப்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

மாதிரி என்றால் எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்துப் பழக நம் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. பேக்கரும்பில் 2017 ஜூலை 27-ல் திறந்த அப்துல் கலாம் நினைவிடத்தில் ராக்கெட், ஏவுகணை மாதிரிகள் இருக்கின்றன. அடுத்த முறை போகும்போது அவற்றின் இணைப்புகளையும், பெயின்ட் விளிம்புகளையும் கவனித்துப் பாருங்கள்.

எது நமக்குத் தாங்கும்?

கடையில் கிடைப்பவை நான்கு வகை. ஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வரும் கிட், அதாவது பாகங்களாக வந்து நாமே ஒட்டிப் பெயின்ட் அடிப்பது. மோபியஸ் மாடல்ஸ் நிறுவனம் 1/32 அளவில் வெளியிட்ட புரோட்டியஸ் இந்த வகை. அடுத்தது ரெசினில், அதாவது அச்சில் ஊற்றினால் இறுகும் பிளாஸ்டிக்கில், வார்த்துப் பெயின்ட் அடித்து முழுதாகத் தரும் ரெப்ளிகா. லிமிடெட் எடிஷன் என்று வருவதில் பெரும்பாலானவை இதுதான். மூன்றாவது துத்தநாகக் கலவையில் செய்த டை காஸ்ட். கடைசியாக, தனி ஆட்கள் 3டி பிரின்டரில் எடுத்து விற்பவை.

என் தீர்ப்பு இதுதான்: நம் கரைக்கு முதல் இடம் ஸ்டைரீன், அடுத்த இடம் ரெசின். இரண்டையும் உப்பு அரிக்காது. ரெசினுக்குப் பகை வெயில்தான். வெள்ளை ரெசின் வெயில் பட்டால் பழுப்பேறும், அதுவும் புரோட்டியஸ் முழுக்க வெள்ளை என்பதால் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகிப் போனது தூரத்திலிருந்தே தெரியும். சூட்டில் மெல்லிய துடுப்புகள் தொங்கவும் செய்யும். டை காஸ்ட் கையில் எடுத்தால் கனமாக, நல்ல பொருள் என்ற எண்ணம் தரும். ஆனால் பெயின்ட் ஓரிடத்தில் விட்டுப்போனால் போதும், அங்கே வெள்ளைப் பொடி பூக்கும். கீழக்கரையில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். கப்பலின் உடம்பு பளபளவென்று இருக்கிறது, அடிப்பக்கத்து ஸ்க்ரூவைச் சுற்றி மட்டும் சாக்பீஸ் பொடி தூவின மாதிரி ஒரு வளையம். விரலால் தொட்டால் ஒட்டுகிறது. துடைத்துவிட்டு வைத்தால் சில வாரத்தில் மறுபடியும் வருகிறது. துத்தநாகம் அரிப்பது அப்படித்தான். அந்த இடத்தைச் சுத்தம் செய்து, காயவைத்து, மேலே வார்னிஷ் பூசி மூடாமல் அது நிற்காது.

3டி பிரின்ட் வாங்கினால் எந்தப் பிளாஸ்டிக் என்று கேளுங்கள். பி.எல்.ஏ. என்றால் 60 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இளகிவிடும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் வளைந்துபோகும்.

லிமிடெட் எடிஷன் என்றால் காகிதம்

எண்ணிட்ட பதிப்பு என்பதற்கு மூன்று சாட்சிகள் வேண்டும். பீடத்தில் பதித்த தகட்டில் ஓர் எண், கூட வரும் சான்றிதழில் ஓர் எண், பெட்டியின் ஸ்டிக்கரில் ஓர் எண். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய பொருள் கை மாறும்போது பெட்டி ஒருவரிடமும் கப்பல் இன்னொருவரிடமும் இருந்து பிறகு சேர்வது உண்டு. எண் பொருந்தாவிட்டால் அது போலி என்று அர்த்தமில்லை, ஆனால் விலை இறங்கியாக வேண்டும்.

'500 மட்டும்' என்று எண்ணிக்கையில் கட்டுப்படுத்துவது ஒரு வகை. 'இந்தத் தேதிக்குள் ஆர்டர் செய்தவர்களுக்கு மட்டும்' என்று நாளில் கட்டுப்படுத்துவது இன்னொரு வகை. இரண்டாவதில் எத்தனை வெளியே போயிருக்கிறது என்பது தயாரித்தவர் சொன்னால்தான் தெரியும். ஏ.பி. என்று குறித்த பிரதிகளையும் பார்ப்பீர்கள். அவை கலைஞர் பிரதிகள், எண்ணிக்கைக்கு வெளியே இருப்பவை. அவற்றுக்கு ஏன் கூடுதல் விலை என்று விற்பவர் விளக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். குறைந்த எண், அதாவது முதல் பத்துக்குள் வருவதற்கு, கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நன்றாக வைத்திருந்த 312-ஆம் பிரதி, துடுப்பு வளைந்த 3-ஆம் பிரதியைவிட எல்லா விதத்திலும் மேல்.

அப்புறம் ரீகாஸ்ட். அசல் ரெப்ளிகாவையே மூலமாக வைத்து சிலிகானில் அச்செடுத்து மறுபடி ரெசின் ஊற்றுவது. வார்க்கும்போது சற்றே சுருங்குவதால் அசலைவிட இம்மியளவு சிறியதாக வரும். உடம்பில் தகடுகள் சேரும் இடத்துக் கோடுகள் மழுங்கியிருக்கும், துடுப்பின் விளிம்பில் ஊசிமுனைக் காற்றுக் குமிழிகள் இருக்கும். விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: கப்பலுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று, பீடத்தை அடியிலிருந்து ஒன்று, பின் துடுப்புக்கு மிக அருகில் ஒன்று. உண்மையான சேகரிப்பாளர் என்றால் கேட்டதற்கு மேலேயே அனுப்புவார். தயங்குகிறவரிடம் பணம் போடாதீர்கள்.

வரவழைப்பது

வெளிநாட்டிலிருந்து வாங்கினால் சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை. அனுப்பும் செலவு, காப்பீடு இரண்டையும் சேர்த்த தொகைக்கு வரி கணக்கிட்டு, அதற்கு மேல் ஐ.ஜி.எஸ்.டி., அதாவது ஒருங்கிணைந்த சரக்கு-சேவை வரி, போடுவார்கள். அனுப்பும் செலவே பொருளின் பாதி விலை வரும் அளவுக்குப் பெட்டி பெரிதாக இருக்கும், அதனால் கையில் இருக்கும் பணத்தைக் கணக்குப் போட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். கூரியர் நிறுவனம் அடையாள ஆவணம் கேட்கும். முகவரியில் உள்ள பெயரும் ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியலை முன்னே ஒரு இடத்திலும் பின்னே ஒரு இடத்திலும் எழுதினாலே பெட்டி நாள் கணக்கில் நிற்கும்.

பில்லில் பொருளின் விவரத்தை எப்படி எழுதுகிறார்கள் என்பது முக்கியம். 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நீங்கள் வாங்குவது பெரியவர்களுக்கான காட்சி மாதிரி. அதை அப்படியே, உண்மையான விலையோடு எழுதச் சொல்லுங்கள். அவசரத்தில் 'பொம்மை' என்று எழுதி அனுப்பினால் சென்னையிலேயே சிக்கிக்கொள்ளும். வரியைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் வேண்டாம். உடைந்து வந்தால் காப்பீடு அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

623-ல் தொடங்கும் எல்லாப் பின்கோடுக்கும் எல்லா கூரியரும் வீடு வரை வருவதில்லை. ராமநாதபுரம் டவுனில் உள்ள கிளையிலேயே போய் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவது எனக்குப் பிடித்த வழி. தனுஷ்கோடி சாலையிலும் உள்ளூர் மண் பாதையிலும் பைக்கில் அது குலுங்கி வருவதை விட நாமே மடியில் வைத்துக்கொண்டு வரலாம்.

பிரிக்கும்போது பெட்டியின் ஆறு பக்கமும் தெரிய ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள், நடுவில் நிறுத்தாமல். உள்ளே கப்பலைச் சுற்றி மெத்தென்ற ஃபோம் இருக்கும். பெட்டியைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் கப்பலை அந்த ஃபோமுக்குள் திருப்பி வைத்துப் பரணில் போடாதீர்கள். பாலியூரித்தேன் ஃபோம் நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் சில வருடங்களில் பிசுபிசுத்துப் பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு உரிக்க வழியில்லை. கஞ்சி போடாமல் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிவிட்டு, அதன் மேல் ஃபோம் வைக்கலாம். லைட் எரியும் மாடல் என்றால் பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள்.

பெட்டியும் காற்றும்

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் அதிகம் பேச விரும்பும் இடம். கடற்காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்கள் மிதந்து வந்து எல்லாவற்றின் மேலும் படிகின்றன. உலர்ந்திருக்கும் வரை உப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். அந்த மெல்லிய உப்புநீர்ப் படலம்தான் ஸ்க்ரூவையும், லைட் கம்பிகளையும், பித்தளைத் தகட்டையும் தின்கிறது. நம் கரையில் இரவும் விடியலும் 75-ஐத் தாண்டுவது சாதாரணம். ஆக, இரண்டே வேலை: உப்பு உள்ளே வராமல் தடுப்பது, ஈரத்தைக் குறைத்து வைப்பது.

ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் வாங்குங்கள். விலை குறைந்த மீட்டர்கள் தவறாகக் காட்டும், அதனால் முதலில் சோதியுங்கள். சோதிக்க வேண்டியது நம் ஊரிலேயே விளைகிறது. மாரியூர் வாலிநோக்கத்து உப்பளத்து உப்பானாலும் சரி, சமையல் உப்பானாலும் சரி, ஒரு பாட்டில் மூடியில் நிறைய போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முழுதும் கரையக் கூடாது, ஈர மணல் பதத்தில் இருக்க வேண்டும். மூடியையும் மீட்டரையும் காற்றுப் போகாத ஜிப் கவரில் ஒன்றாக வைத்து மூடி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் மீட்டர் 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் உங்கள் மீட்டர் ஆறு குறைவாகக் காட்டுகிறது என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதி அதன் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள்.

அடுத்து கண்ணாடிப் பெட்டி. உள்ளூர்க் கண்ணாடிக் கடையிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் அவர்கள் வழக்கமாக ஒட்டும் சிலிகானில் வினிகர் வாடை வரும் வகை உண்டு. காயும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும், அது உலோகத்தை அரிக்கும். 'நியூட்ரல் சிலிகான்' என்று கேட்டு வாங்கிக் கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள். எந்த வகையானாலும் வாடை முழுக்கப் போகும்வரை கப்பலை உள்ளே வைக்காதீர்கள். பீடத்துக்குப் பிளைவுட், எம்.டி.எஃப். பலகை வேண்டாம். அவையும் மெல்ல மெல்ல அமில வாடை விடும். அக்ரிலிக் தட்டு நல்லது. மரம்தான் வேண்டும் என்றால் மேலே அலுமினியத் தாள் ஒட்டி அதன் மேல் துணி போடுங்கள். கதவு விளிம்பில் மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டினால் உப்பு உள்ளே வருவது பெருமளவு குறையும்.

பீடத்துக்கு அடியில் ஒரு தட்டு அறை விட்டு அதில் சிலிக்கா ஜெல். நிறம் மாறும் வகை வாங்குங்கள், ஆரஞ்சு நிறத்தில் இருப்பது ஈரம் ஏறினால் பச்சையாகும். நீலத்திலிருந்து ரோஸ் ஆகும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் அது வேண்டாம். நிறம் மாறியதும் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் மறுபடி பழைய நிறத்துக்கு வரும். பெட்டிக்குள் மீட்டர் 45-க்கும் 55-க்கும் நடுவில் நின்றால் நிம்மதி.

எந்தச் சுவர் என்பதைக் காற்றைக் கேட்டு முடிவு செய்யுங்கள். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் விரிகுடாவைப் பார்த்த வீடு என்றால் வாடைக்காற்றுக் காலம்தான் சோதனை. வடகிழக்குப் பக்கச் சுவரும் சன்னலும் ஆகாது. கீழக்கரை, ஏர்வாடி பக்கம் மன்னார் வளைகுடாவைப் பார்த்திருந்தால் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்மேற்குப் பக்கம் ஆகாது. பாம்பன், ராமேசுவரத்தில் இரண்டு கடலும் இருப்பதால் நடு அறையைத் தவிர வேறு வழியில்லை. தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடாக இருந்தால் மேல் அலமாரி வேண்டவே வேண்டாம், இடுப்பு உயரத்துக்கு மேல் போகாதீர்கள். கப்பலின் வயிற்றுக்கு அடியில் இரண்டு இடத்தில் தாங்கல் வையுங்கள், ஒற்றைக் கம்பி மேல் நிற்கும் மாடலானாலும் சரி.

துடைப்பது

வாரம் ஒரு முறை மேக்கப் பிரஷ் போன்ற மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். ஈரமாகத் துடைக்க நேர்ந்தால் போர் தண்ணீர் கூடவே கூடாது. நம் மாவட்டத்தில் நிலத்தடி நீரே பல ஊரில் உவர்ப்பு. அதைக் கொண்டு துடைப்பது உப்பை நாமே பூசுவதுதான். வண்டி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். கப்பலின் குமிழும் முன்கண்ணாடிகளும் தெளிந்த பிளாஸ்டிக். சன்னல் துடைக்கும் ஸ்ப்ரே, சானிடைசர், ஸ்பிரிட் எதுவும் அவற்றில் படக் கூடாது. மெல்லிய வலைப்பின்னலாக விரிசல் விழுந்துவிடும், அதைப் பாலிஷ் போட்டும் எடுக்க முடியாது.

பீடத்தில் கடல் அமைக்க ஆசைப்பட்டால்

புரோட்டியஸ் ரத்தத்தில் போன கப்பல், அதற்குக் கடற்படுகை பொருந்தாது. ஆனால் நாட்டிலஸ் வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் அடியில் பவளப் பாறை வைக்கத் தோன்றும், அதுவும் வாசலிலேயே மன்னார் வளைகுடா இருக்கும்போது. தயவுசெய்து வேண்டாம். 21 தீவுகளைக் கொண்ட அந்த இடம் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கரையில் ஒதுங்கிய செத்த பவளத்தை எடுத்து வைத்திருந்தாலும் வழக்குதான். சட்டத்தை விடுங்கள், அந்தத் திட்டுகள் இல்லையென்றால் மீனும் இல்லை, அலையைத் தடுக்கும் அரணும் இல்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிசில் வார்த்த பாறை, தர்மோகோலைச் செதுக்கிப் பெயின்ட் அடித்த பவளம், இரண்டுமே நன்றாக வரும். மணல் வேண்டுமானால் ஆற்று மணலை எடுங்கள். கடற்கரை மணலில்தான் செய்வேன் என்றால், டிஸ்டில்டு வாட்டரில் பல முறை அலசி, ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்காத வரை அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு ஒட்டுங்கள். ஒட்டிய பசை காய்ந்து வாடை போக ஒரு வாரமாவது திறந்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகு கப்பலை ஏற்றிப் பெட்டியை மூடலாம்.